புது வீட்டுக்குக் குடிபோகிறீர்களா? முதலில் தண்ணீர் நிற்கும் இடங்களை எண்ணுங்கள்

பால் காய்ச்சிக் குடிவந்த முதல் வாரத்தில் யாருக்கும் கொசு ஞாபகம் வராது. கேஸ் இணைப்பை மாற்ற வேண்டும், பள்ளிக்கூட வேன் பேச வேண்டும், தண்ணீர் லாரிக்குச் சொல்லி வைக்க வேண்டும். சென்னையில் வேளச்சேரிப் பக்கம் நாங்கள் வாடகைக்கு வந்தபோதும் அப்படித்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை, என் மகளுக்கு 103 டிகிரி காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

வீடு திரும்பிய மறுநாள் மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கிற அக்கா ஒருவர் டார்ச்சோடு வந்தார். தெருமுனைச் சாக்கடையைக் காட்டலாம் என்று நான் வாசலுக்கு நடந்தேன். அவர் நேரே சமையலறைக்குள் போனார். ஃப்ரிட்ஜை முன்னால் இழுக்கச் சொல்லி, பின்பக்கம் அடியில் இருக்கும் தட்டை மெல்ல உருவினார். தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர். டார்ச் வெளிச்சம் பட்டதும் முப்பது நாற்பது புழுக்கள் எட்டுப் போட்டபடி அடியை நோக்கி இறங்கின. "இதாம்மா உங்க கொசு. சாக்கடைக் கொசு இல்ல" என்றார்.

அந்தத் தட்டு ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டெங்குக் கொசு எங்கிருந்தோ பறந்து வந்து கடிப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே அதன் ஆயுள் முடிந்துவிடும். உங்களைக் கடித்த கொசு உங்கள் வீட்டில் பிறந்திருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில். அதனால்தான் புதிதாகக் குடிவருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதுவது சென்னை வீட்டை வைத்து. மற்ற ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தக் கொசு என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று வகையை அடையாளம் தெரிந்தால் போதும். கடிப்பது எல்லாவற்றிலும் பெண் கொசுதான். முட்டை உருவாக அதற்கு ரத்தம் வேண்டும். ஆண் கொசு பூந்தேனும் செடிச் சாறும் குடித்து வாழ்ந்துவிடும்.

ராத்திரி காதோரம் ஙொய்யென்று பாடித் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் க்யூலெக்ஸ். பழுப்பு நிறம். சாக்கடை, செப்டிக் டேங்க், கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் என்று அழுக்குத் தண்ணீரில் வளரும். யானைக்கால் நோயைப் பரப்புவது இது. நாம் அதிகம் திட்டுவதும் இதைத்தான், ஏனென்றால் இதன் சத்தம் கேட்கிறது.

அடுத்தது மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ். இதுவும் இருட்டியபின் கடிப்பது. சுவரில் உட்கார்ந்தால் தலை தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, சரிவாக ஆணி அடித்ததுபோல் நிற்கும். மலேரியாவைக் கிராமத்து நோய், காட்டு நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நகரத்துக் கொசு, கிணற்றிலும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் சுகமாக வளர்கிறது. தமிழ்நாட்டு மலேரியா நோயாளிகளில் பெரும்பகுதியினர் பல ஆண்டுகள் சென்னைக்காரர்களாகவே இருந்ததற்கு இதுதான் காரணம். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்கிறது என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்ததும் நம் நாட்டில்தான். செகந்திராபாத்தில், 1897 ஆகஸ்ட் 20 அன்று.

மூன்றாவது ஏடிஸ் எஜிப்டை. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் பரப்புவது இது. சின்னது, கறுப்பு, கால்களில் வெள்ளை வெள்ளையாக வளையம். சத்தம் அவ்வளவாகக் கேட்காது. மேசைக்கு அடியில், நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்து வந்து கணுக்காலில் கடிக்கும். பகலில்தான் கடிக்கும், அதிலும் விடிந்த பிறகு இரண்டு மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் அதிகம். கை ஓங்கினால் பறந்துவிட்டு அடுத்த ஆளைக் கடிக்கப் போகும். ஒரே கொசு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று பேரைக் கடித்துவிடுவதால்தான் ஒரே வீட்டில் வரிசையாகப் படுக்கிறார்கள்.

மூன்றிலும் நான் பயப்படுவது இதற்குத்தான். 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது தெருத் தெருவாக மனிதர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கில் இருந்தது. அந்தப் பெயரே ஆப்பிரிக்காவின் மகொண்டே மொழியில் 'வளைந்து போவது' என்ற பொருளில் வந்ததுதான். 2017-இல் தமிழ்நாட்டில் மட்டும் 23,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று அரசுக் கணக்கு. அதே வருடம் இலங்கையில் 1,86,000-ஐத் தாண்டியது. அதற்கு முந்தைய வருடம்தான், 2016 செப்டம்பரில், மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்திருந்தது. மலேரியாவை விரட்டிய ஒரு நாட்டையே ஏடிஸ் இப்படி ஆட்டி வைத்தது என்றால், இதற்கு வழி வேறு என்று புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள்: டார்ச்சோடு ஒரு சுற்று

சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்கு முன்னால் இதைச் செய்தால் சுலபம். செல்போன் டார்ச் போதும். தேடுவது கொசுவை அல்ல, தேங்கிய தண்ணீரை. ஏடிஸுக்குக் குளம் குட்டை வேண்டாம். ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர் போதும், பாட்டில் மூடி அளவுகூடப் போதும். அதுவும் ஓரளவு சுத்தமான தண்ணீர்.

சமையலறையில் தொடங்குங்கள். ஃப்ரிட்ஜின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத் தட்டைப் பாருங்கள். சில மாடல்களில் தட்டு கழன்று வராது. பழைய துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு ஒற்றி எடுக்கலாம். குடிநீர் கேன் ஸ்டாண்டுக்கு அடியில் சொட்டும் நீருக்காக வைத்த கிண்ணம், எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் காலுக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம், பாத்திரம் கவிழ்க்கும் கூடையின் அடித்தட்டு ஆகியவற்றையும் பாருங்கள். எறும்புக் கிண்ணத்தில் கொஞ்சம் உப்போ எண்ணெயோ விட்டு வைத்தால் கொசு அண்டாது.

அடுத்து கூடம். மணி பிளான்ட் வைத்த கண்ணாடிக் குப்பி வீட்டுக்கு அழகுதான். ஆனால் அதைப்போல ஏடிஸுக்குத் தோதான இடம் வீட்டுக்குள் வேறில்லை. மண்ணில் நட்டுவிடுங்கள். நீரில்தான் வைப்பேன் என்றால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, வேரையும் குப்பியின் உட்புறத்தையும் கழுவுங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை எடுத்துவிடலாம், அல்லது மணலால் நிரப்பிவிடலாம்.

குளியலறையில் இரண்டு இடம். யாரும் புழங்காத கழிவறையின் ஃப்ளஷ் தொட்டி ஒன்று. மூடியைத் தூக்கிப் பாருங்கள். இரண்டாவது, மூலையில் 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று நிரப்பி வைத்து மாதக்கணக்கில் தொடாத பக்கெட்.

பால்கனியில் ஏசியின் தண்ணீர் சொட்டுமிடம், பழைய ஏர்கூலர், துணி துவைக்கும் கல்லின் குழி. மொட்டை மாடியில்தான் பெரிய வேலை. போன குடித்தனக்காரர் விட்டுப்போன பெயின்ட் டப்பா, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் குழிந்த இருக்கை, தார்ப்பாயின் மடிப்பு, டயர், பழைய ஆட்டுக்கல், மழைநீர் இறங்கும் வாய் அடைத்து இலை மக்கிக் கிடக்கும் மூலை என்று ஒவ்வொன்றாகத் தென்படும். தேவையில்லாததைக் குப்பைக்கு அனுப்புங்கள், தேவையானதைக் கவிழ்த்து வையுங்கள். ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாது. குழியில் மணல் கொட்டி நிரப்பிவிட்டால் போதும்.

புழு இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. டிரம்மை ஆட்டிவிட்டோ நிழல் விழும்படி குனிந்தோ பார்த்தால் புழுக்கள் சட்டென்று அடிக்குப் போய்விடும், ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவோம். அசையாமல் ஒன்றிரண்டு நிமிடம் நின்று பாருங்கள். மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். தலைகீழாகத் தொங்கியபடி நீர்ப்பரப்பில் வாலை ஒட்டிக்கொண்டு நிற்பது ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ் புழு. நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்தாற்போல் கிடந்தால் அனோபிலிஸ். கால்புள்ளி வடிவில் தலை பெருத்துக் குட்டிக்கரணம் போடுகிறதா? அது கூட்டுப்புழு. இன்னும் இரண்டு நாளில் சிறகு முளைத்துப் பறந்துவிடும். அதைக் கண்டால் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். அது எதையும் தின்னாது. ஆகவே தின்றால் சாகிற புழுமருந்து அதனிடம் பலிக்காது. அப்போதே கொட்டுவதுதான் ஒரே வழி.

கொட்டும்போது சாக்கடையில் கொட்டாதீர்கள். வெயில் படும் காய்ந்த மண்ணிலோ சூடேறிய தரையிலோ கொட்டினால் புழு செத்துவிடும்.

வாரம் ஒரு நாள்

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் ஊர் வெக்கையில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் தவறாமல் ஒரு நாள் தண்ணீரை மாற்றினால், எத்தனை முட்டை இட்டிருந்தாலும் ஒன்றுகூடக் கொசுவாக மாட்டாது. வெள்ளிக்கிழமைக்காக வியாழனன்று வீடு கழுவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வியாழன் மாலை கால் மணி நேரம் இதற்கென்று ஒதுக்கியாகிவிட்டது. ஞாயிறு வசதி என்றால் ஞாயிறு. நாள் எதுவானாலும் சரி, தவறக் கூடாது.

இங்கே பலர் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது, நானும் செய்திருக்கிறேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி நிரப்பிவிடுவது. ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பாக இருக்கும், அழுக்கு என்றுதான் நினைப்போம். தண்ணீரைக் கொட்டினால் முட்டை போகாது. காய்ந்தாலும் சாகாது. ஆறு மாதத்துக்கும் மேல் உயிரைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரிலேயே கிடக்கும். கோடை முழுக்கக் காலியாகக் கிடந்த டிரம்மில் புரட்டாசி மழை விழுந்ததும் அடுத்த வாரமே புழு நெளிவது இதனால்தான்.

ஆகவே டிரம், அண்டா, தொட்டி எல்லாவற்றையும் தேங்காய் நார் கொண்டு, முக்கியமாக மேல் விளிம்பை ஒட்டி, அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் போட்டுத் தேய்த்தால் இன்னும் நல்லது. நன்றாக அலசிவிட்டு, அரை நாள் வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகு தண்ணீர் பிடியுங்கள்.

தண்ணீர்ப் பஞ்சம் இருக்கும் தெருவில், லாரித் தண்ணீரை வாராவாரம் கொட்டு என்று சொல்வது நியாயமில்லை. அது எனக்கும் தெரியும். அங்கே செய்ய வேண்டியது மூடுவது. டிரம்முக்கு வரும் பிளாஸ்டிக் மூடி வளைந்து இடுக்கு விட்டிருக்கும், அதை நம்பாதீர்கள். பழைய வேட்டியையோ கொசுவலைத் துணியையோ வாய் முழுக்கப் போர்த்தி, சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக இறுக்கிக் கட்டி, அதற்குமேல் மூடியைப் போடுங்கள். துணி நடுவில் தொய்ந்து தண்ணீரில் முங்கினால் ஈரத்துணியிலேயே முட்டையிட்டுவிடும். விறைப்பாகக் கட்டுங்கள். மொண்டெடுத்ததும் மறுபடி கட்ட வேண்டும். இதில்தான் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சோம்பல் வரும்.

டேங்க், சம்ப், கிணறு, காற்றுக் குழாய்

மொட்டை மாடி டேங்க்கின் மூடி காற்றில் பறந்திருக்கலாம், வெயிலில் விரிந்திருக்கலாம். வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் அன்றே ஏறிப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். குடிபோன பிறகு சொன்னால் இழுத்தடிப்பார்கள். மூடி சரியாக இருந்தாலும் தண்ணீர் வழிந்தோடும் குழாயின் வாய் திறந்திருந்தால் கொசு அந்த வழியாகவே போகும். அதில் வலைத் துணி கட்டுங்கள். சம்ப் மூடியின் ஓரத்து இடுக்கும் அதேபோல்தான்.

கிணறு இருந்தால் மேலே கொசுவலை போட்டு மூடலாம், அல்லது கப்பி மீன், கம்பூசியா மீன் விடலாம். புழுவைத் தின்று தீர்த்துவிடும். மீனை ஆற்றிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். கம்பூசியா அங்கிருக்கும் நாட்டு மீன் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் விடாது. கிணறு, தொட்டி மாதிரி அடைப்புக்குள் இருக்கட்டும்.

செப்டிக் டேங்க்கின் காற்றுக் குழாய் நுனியைக் கட்டாயம் வலையால் கட்டுங்கள். ராத்திரிக் கொசு ஆயிரக்கணக்கில் கிளம்பும் வாசல் அது. வெயிலில் வலை நைந்துபோகும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்கள் குடியிருப்பில் இந்த ஒரு வேலையைச் செய்த மாதமே ராத்திரி வித்தியாசம் தெரிந்தது.

மாநகராட்சி ஆட்கள் தொட்டியில் ஊற்றும் அபேட் என்ற புழுமருந்து, சொன்ன அளவில் விட்டால் புழங்கும் நீருக்குப் பாதகமில்லை. அதை நாமே வாங்கிக் கணக்கில்லாமல் ஊற்றக் கூடாது. அவர்கள் வரும்போது கதவைத் திறந்து உள்ளே விடுங்கள். 'எங்க வீட்ல ஒண்ணும் இல்ல' என்று வாசலிலேயே அனுப்பிவிடும் வீடுகள்தான் அதிகம். எங்கள் வீட்டில்கூட முதல்முறை வந்தபோது அப்படித்தான் அனுப்பியிருந்தோம்.

கடிபடாமல் இருக்க

ஜன்னலுக்கு வலை அடிப்பதில் ஒருமுறை செய்யும் செலவு பல வருடத்துக்கு வரும். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் வெல்க்ரோ ஒட்டும் வலை இருக்கிறது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். கழிவறை வென்டிலேட்டரை மறந்துவிடாதீர்கள், எல்லோரும் விடுவது அதைத்தான். மாலை ஐந்தரைக்குக் கதவைச் சாத்துவது ராத்திரிக் கொசுவுக்கு நல்லது. ஏடிஸ் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கும். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் மாட்டிய துணிகளில், அலமாரி இருட்டில் ஒட்டிக் கிடக்கும். அழுக்குத் துணிகளைக் கூடையில் போட்டு மூடுங்கள்.

கட்டிலுக்குக் கட்டும் வலை வாங்கும்போது துளையைப் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 156 துளை என்பது பொதுவான அளவு. வலையை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. மதியம் தூங்கும் கைக்குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் பகலிலும் வலை போடுங்கள். ராத்திரி மட்டும் வலை என்பது பழைய பழக்கம், டெங்குக்கு உதவாது.

பூசிக்கொள்ளும் கிரீம்களில் டீட், பிக்காரிடின் போன்றவை நம்பத் தகுந்தவை. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதையும் பூசக் கூடாது, வலை மட்டுமே. பிள்ளைகளின் உள்ளங்கையில் பூசாதீர்கள், வாய்க்கும் கண்ணுக்கும் போய்விடும். பள்ளிக்கு மழைக்காலத்தில் முழுக்கைச் சட்டையும் நீண்ட காலுறையும் போட்டு அனுப்புங்கள். ஏடிஸ் கடிக்கும் நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒன்றுதான்.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். வீசிங் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அதை ஏற்றவே கூடாது. பிளக்கில் செருகும் திரவ மருந்து அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வேப்பிலைப் புகை, நொச்சிப் புகை கொசுவைச் சற்று நேரம் விலக்கும்தான். புகை புகைதான், நெஞ்சுக்கு ஆகாதவர்களுக்கு அதுவும் ஆகாது. நொச்சிச் செடி தொட்டியில் சும்மா நிற்பதால் கொசு ஓடாது. அல்ட்ராசோனிக் கருவியும் செல்போன் ஆப்பும் வீண் காசு.

தெருவில் அடிக்கும் புகை மருந்து

வண்டி வந்து புகை அடித்துவிட்டுப் போனால் தெருவே நிம்மதிப்படுகிறது. அந்தப் புகை அப்போது வெளியில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஏடிஸை அது எட்டுவதும் அரிது. அடுத்த வாரம் புதிய கொசு பிறந்துவிடும். டெங்கு வந்த வீட்டைச் சுற்றி, நோயைத் தாங்கிய கொசுக்களை உடனே குறைப்பதற்கு அது உதவும். அதற்காக மாதம் ஒருமுறை புகை அடித்தாயிற்று என்று டிரம்மைத் திறந்துபோட்டால் பலனில்லை. கவுன்சிலரிடம் புகை வண்டி கேட்பதைவிட, காலி மனையில் தேங்கிய தண்ணீரை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சென்னையில் 1913 எண்ணில் புகார் சொல்லலாம். பூட்டிய வீடு, பாதியில் நிற்கும் கட்டடத்தின் லிப்ட் குழி, பஞ்சர் கடை வாசலில் குவிந்த டயர் என்று இடத்தைத் துல்லியமாகச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1939-ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு ஒழிப்புக்கென்று தனியாகப் பிரிவுகள் உண்டு. கொசு வளர விடுவது நோட்டீஸ் கொடுக்கத் தக்க குற்றம் என்பதைப் பலர் அறியவில்லை. பக்கத்து வீட்டில் என்றால் புகாருக்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் புழுவைப் பிடித்து எடுத்துப் போய்க் காட்டினேன் நான். அதற்குப் பிறகு பேச்சே தேவைப்படவில்லை, அவர்களே டிரம்மைக் கவிழ்த்தார்கள்.

குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டப் பக்கம் குடிபோகிறவர்கள், பால் வெட்டாத நாளில் மரத்தில் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். மழை நின்றதும் ஒவ்வொரு சிரட்டையும் ஒரு கொசுப் பண்ணைதான்.

காய்ச்சல் வந்துவிட்டால்

மழைக்காலக் காய்ச்சலை 'வைரல்தான்' என்று நாமே முடிவு செய்யக் கூடாது. திடீரென்று ஏறும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறித்தாற்போல் உடம்பு வலி, உடம்பில் சிவந்த தடிப்பு இருந்தால் டெங்கு என்று சந்தேகப்பட வேண்டும். கொசு கடித்து நாலு முதல் பத்து நாளில் இது தொடங்கும். நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறி, வியர்த்து இறங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் மலேரியாவுக்கும் பாருங்கள். டெங்குவுக்கு முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். மலேரியாவில் வைவாக்ஸ் வகை என்று வந்தால், காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிருமி ஈரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்து எழும். அதை ஒழிக்கத்தான் 14 நாள் மாத்திரை தருகிறார்கள்.

டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில், ஆறு மணி நேர இடைவெளியில். ஆஸ்பிரின், ஐபூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது, ரத்தக் கசிவை அதிகமாக்கும். மெடிக்கல் ஷாப்பில் 'காய்ச்சலுக்கு ஒரு செட்' என்று வாங்கி விழுங்காதீர்கள். 'ஒரு ஊசி போட்டு இறக்கிவிடுங்கள்' என்று டாக்டரை வற்புறுத்தவும் கூடாது. உண்மையான மருந்து நீர்தான். ஓஆர்எஸ், கஞ்சி, இளநீர், மோர், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் போக வேண்டும். பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கஷாயமும் கொடுப்பவர்கள் உண்டு. எது கொடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். கசப்பில் பிள்ளை வாந்தியெடுத்தால் உடம்பில் இருக்கும் நீரும் போய்விடும்.

எல்லோரும் ஏமாறும் கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் குறையும், 'பரவாயில்லை, விட்டுவிட்டது' என்று நினைப்போம். அடுத்த ஒன்று இரண்டு நாள்தான் ஆபத்து. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாவதும் ரத்த அழுத்தம் விழுவதும் அப்போதுதான். என் மகளுக்கு நாலாம் நாள் 99-க்கு வந்ததும் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். நர்ஸ் பதில் சொல்லாமல் அவள் விரல் நகத்தை அழுத்திப் பிடித்துவிட்டார். வெளுத்த நகம் மறுபடி சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினார். இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டுமாம். அவளுக்கு அதற்குமேல் ஆனது, கையும் சில்லென்று இருந்தது. அன்று ராத்திரி முழுக்க மணிக்கொருமுறை பார்த்து, டிரிப்ஸின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வைத்தார்கள். வீட்டில் இருந்திருந்தால் காய்ச்சல் விட்டதென்று தூங்கியிருப்போம்.

விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் குளிர்தல், பிள்ளை எழுந்திருக்காமல் சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் அனத்துவது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், நடுராத்திரியானாலும். ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் 104. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நாலு வகை டெங்கு வைரஸ் இருக்கிறது, வேறு வகை இரண்டாம் முறை தாக்கினால் கடுமையாக வாய்ப்பு அதிகம்.

பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனதுமே ரத்தம் ஏற்ற ஆள் தேடி வாட்ஸ்அப்பில் ஓடுகிறோம். ரத்தக் கசிவு இல்லாதபோது, மிகமிகக் குறைந்தால் ஒழிய, பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை. ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும், பிசிவி என்று சீட்டில் இருக்கும் எண் ஏறுகிறதா, சிறுநீர் போகிறதா, வயிறு வலிக்கிறதா என்பதையே டாக்டர்கள் அதிகம் பார்க்கிறார்கள். நாமும் அதைக் கேட்டால் நல்லது.

நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாள் அவரைக் கடிக்கும் ஏடிஸ் வைரஸை உறிஞ்சிக்கொள்ளும், எட்டுப் பன்னிரண்டு நாளில் அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாராகிவிடும். வீட்டில் ஒருவருக்கு என்று தெரிந்த அன்றே அந்த டார்ச் சுற்றை மறுபடி ஒருமுறை போய்வாருங்கள்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பத்து நாள் வீட்டைப் பூட்டிப் போனால், திரும்பி வரும்போது உள்ளே ஒரு தலைமுறை கொசு காத்திருக்கும். கிளம்புவதற்கு முன் பக்கெட், குடம் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். கழிவறைக் கோப்பையை மூடி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். தரை வடிகால் வாயில் பழைய துணியைச் சுருட்டிச் செருகுங்கள். ஃப்ரிட்ஜைக் காலி செய்து அணைத்துவிட்டுத்தான் போகிறீர்கள் என்றால், உறைபனி உருகி வடிந்து முடியும்வரை காத்திருந்து, பின்பக்கத் தட்டைத் துடைத்துவிட்டு அதற்குப் பிறகு கதவைப் பூட்டுங்கள்.